ஆடி முடித்ததும் மேலாளர் ஆகிவிடலாமா?

கேள்வி: ஒன்ராறியோவில் பதின்ம வயதினர் ஐஸ் ஹாக்கி அணியில் ஆடும் என் மகன் படிப்பை அலட்சியப்படுத்துகிறான். கேட்டால், "ஸ்டீவ் ஐசர்மன் ஆடி முடித்ததும் பொது மேலாளர் ஆகவில்லையா?" என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது? – ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகன் தக்க மனிதரைத்தான் முன்மாதிரியாகக் கொண்டிருக்கிறான், ஆனால் அவருடைய வாழ்க்கையில் நடுவிலுள்ள நான்கு ஆண்டுகளை விட்டுவிட்டான். 1986இல், 21 வயதில், டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் தலைவரான ஐசர்மன், இருபது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்து 1997, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில், வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.எச்.எல். சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்றவர். 2006இல் ஓய்வு பெற்றதும் அதே அணி அவருக்கு நிர்வாகத்தில் துணைத் தலைவர் பதவி அளித்தது. அதில் அவருடைய புகழுக்குப் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவர் பொது மேலாளர் கென் ஹாலண்டின் நிர்வாகத்தில் இருந்து தொழில் பயின்ற பிறகே, 2010 மே மாதத்தில், டாம்பா பே லைட்னிங் அணியின் பொது மேலாளரானார்.

அங்கே அவருக்கு வாய்த்த வேலை, லீக் விதித்துள்ள சம்பள உச்சவரம்புக்குள் வீரர்களின் ஒப்பந்தங்களை அடக்குவதும், பதினெட்டு வயதுப் பையன்கள் சில ஆண்டுகளில் எப்படி வளர்வார்கள் என்று கணிப்பதும் ஆகும். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுத்துக்கொள்ளும் 2011 தேர்வில் 57 பேர் எடுக்கப்பட்ட பிறகு அவருடைய அணி எடுத்த நிகிதா குச்செரோவ், 2019இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார்.

இவற்றைவிடக் கடினமானது, வேண்டியவரிடமே இல்லை என்று சொல்வது. 2014 சோச்சி ஒலிம்பிக்குக்குக் கனடா அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் ஐசர்மனிடம் இருந்தது. தம்முடைய டாம்பா அணியின் தலைவர் மார்ட்டின் செயின்ட் லூயியை அவர் முதற்பட்டியலில் சேர்க்கவில்லை. பட்டியலில் இருந்த இன்னொரு டாம்பா வீரர் ஸ்டாம்கோஸ் காயத்தால் விலகியபின்தான் செயின்ட் லூயிக்கு இடம் கிடைத்தது. கனடா தங்கம் வென்றது. ஆனால் அதே ஆண்டு மார்ச் மாதத்தில், செயின்ட் லூயி கேட்டுக்கொண்டபடி, ஐசர்மன் அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த நிகழ்ச்சியை உங்கள் மகனிடம் சொல்லி, அவன் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பான் என்று கேட்டுப் பாருங்கள். அவனுடைய ஆசையை மட்டும் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள்.

இன்னொன்று: ஐசர்மன் ஆடி வளர்ந்த, இளையோருக்கான ஒன்ராறியோ ஹாக்கி லீக்கில், ஆடும் வீரர்களுக்குக் கல்லூரிக் கட்டண உதவி வழங்கும் ஏற்பாடு உண்டு. மகனுக்கு அங்கே இடம் கிடைத்தால், அந்த உதவியின் நிபந்தனைகளையும் காலவரம்பையும் கையெழுத்துப் போடும் முன்பே அவனையே வாசித்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.