மூன்றே நாளில் முடிந்த துக்கம்

அன்புள்ள அக்கா,

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. விடுப்பு கிடைக்காததால் கருமக்கிரியையை மூன்றாம் நாளே முடித்துவிட்டோம். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அலுவலகத்தில் தியானச் செயலி ஒன்று தந்தார்கள். பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கிறேன், அப்புறம் பழையபடிதான். "கோயிலுக்குப் போ, முன்னோர்கள் எல்லாவற்றுக்கும் வழி வைத்திருக்கிறார்கள்" என்கிறார்கள் உறவினர்கள். எனக்குப் பெரிய பக்தி கிடையாது. என்னைப் போன்றவனுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?

வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் தனியாக உட்கார்ந்து தேடுகிறீர்களே என்பதுதான் என் கவலை.

பதினாறு நாள் துக்கத்தில் என்ன நடக்கும்? இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். சாப்பாடு அக்கம்பக்கத்திலிருந்து வரும். வருகிறவர்கள் எல்லாரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள், வீட்டாரும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். முதல் நாள் பாதியிலேயே உடைந்து அழுகிறவர், பத்தாம் நாள் அப்பாவின் பிடிவாதம் ஒன்றைச் சொல்லிச் சிரித்துவிடுவார். ஐயர் சொல்லும் மந்திரத்துக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் அர்த்தம் தெரியாமல் இருக்கலாம். பேச்சு தன் வேலையைச் செய்துவிடும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்தவரை இதை யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை. அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரருக்கு மரணமே தெரிவதில்லை. உங்களுக்கு விட்டுப்போனது இந்தப் பேச்சுதான் என்று நினைக்கிறேன்.

பக்தி இல்லை என்கிறீர்கள். மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை திமித்ரிஸ் சிகலாட்டாஸ் என்ற மானுடவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். அதிகமாக அலகு குத்திக்கொண்டவர்கள் மனநலத்தில் கூடுதல் முன்னேற்றம் உணர்ந்ததாக அவர் குழுவின் 2019 ஆய்வு சொல்கிறது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2013இல் வந்த அவர்களின் இன்னொரு ஆய்வு. வெறும் கூட்டு வழிபாட்டில் இருந்தவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் கோயிலுக்கு அதிகமாகக் காசு கொடுத்தார்கள். அலகு குத்தாமல் கூடவே நடந்து போனவர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

இங்கே பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் நான் பார்ப்பதும் அந்தக் கூட நடக்கிறவர்களைத்தான். ஒருவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருவார், ஒருவர் கால் பிடித்துவிடுவார், சிலர் தொண்டை கட்டும்வரை "வேல் வேல்" என்பார்கள். கீழே தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றுகிற பிள்ளைகளிடம் யாரும் உனக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விதவையை மூலையில் உட்காரவைத்ததும் இதே கூட்டம்தான். செய்வினை, கர்மவினை என்று சொல்லி நோயாளியை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது கொடுமை, அதை மரபு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட்டு மாதத் தூக்கமின்மையைச் சாதாரணமாக விடாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். இந்த வாரமே போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மூச்சுப் பயிற்சி பிடித்திருந்தால் அதையும் தொடருங்கள்.

அப்புறம், இன்னும் நான்கு மாதத்தில் அப்பாவின் முதல் வருடத் திதி வருகிறது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடாக வையுங்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், தேநீர்க்கடைச் சிநேகிதர்கள், சீனரோ மலாய்க்காரரோ அவரைத் தெரிந்த பக்கத்து வீட்டார், எல்லாரையும் கூப்பிடுங்கள். சமையலை முழுக்க கேட்டரிங்கிடம் விட்டுவிடாதீர்கள். அத்தையையும் சித்தியையும் முதல் நாளே வரச் சொல்லி, அவர்களோடு காய் நறுக்க உட்காருங்கள். இறுதிச் சடங்குக்கு வரமுடியாமல் போனவர் ஒருவராவது "எப்படித் தம்பி ஆச்சு?" என்று கேட்பார். அவசரப்படாமல் முதலிலிருந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா