ஏவுகணை நின்ற இடத்தில் மாடு மேய்கிறதா?

கேள்வி: இங்கிலாந்தில் கிரீன்ஹாம் காமன் என்ற விமானத்தளத்தில் அமெரிக்கா அணு ஏவுகணைகளை வைத்திருந்ததாம், பெண்கள் போராடியே அதை மூட வைத்தார்களாம், இப்போது அங்கே மாடு மேய்கிறதாம். இதில் எவ்வளவு உண்மை?
- ஒரு வாசகி

பதில்: மாடு மேய்வது முழு உண்மை. பாதி கதைதான் வெளியே தெரிந்திருக்கிறது.

பெர்க்‌ஷயரில் நியூபரி ஊரை ஒட்டிய அந்தப் புதர்க்காடு பொது நிலம். சுற்றியிருந்தவர்களுக்கு அங்கே மாடு மேய்க்கப் பரம்பரை உரிமை உண்டு. 1941இல் போருக்காக அரசு அதை எடுத்துக்கொண்டது. 1944 ஜூன் 5 மாலை, பிரான்சின் நார்மண்டிக் கடற்கரைக்குப் புறப்பட நின்ற பாராசூட் வீரர்களோடு நேச நாட்டுப் படைத் தளபதி ஐசனோவர் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படம் இங்கே எடுத்ததுதான். போர் முடிந்ததும் ஓய்ந்துகிடந்த தளத்தை 1951இல் அமெரிக்க விமானப்படைக்குக் கொடுத்து, ஓடுதளத்தை 10,000 அடிக்கு நீட்டினார்கள்.

அப்புறம் 1981 செப்டம்பரில் வேல்ஸின் கார்டிஃபிலிருந்து நடந்தே வந்த ஒரு சிறு குழு, பெரும்பாலும் பெண்கள், அமெரிக்க அணு ஏவுகணைகள் அங்கே வரப்போவதை எதிர்த்து வேலி ஓரத்தில் முகாம் போட்டது. 1982 டிசம்பரில் சுமார் 30,000 பெண்கள் கைகோத்து தளத்தையே சுற்றி வளைத்தார்கள். 1983 புத்தாண்டு விடியலில் 44 பேர் ஏணி வைத்து, முள்கம்பி மேல் கம்பளத்தைப் போட்டு ஏறிக் குதித்து, கட்டிக்கொண்டிருந்த ஏவுகணைக் கிடங்கின் மேலேயே நின்று ஆடினார்கள், பலர் சிறைக்கும் போனார்கள். இத்தனைக்கும் அந்த ஆண்டு நவம்பரில் ஏவுகணைகள் வந்து இறங்கத்தான் செய்தன. மொத்தம் 96, புல் போர்த்திய 6 கான்கிரீட் கிடங்குகளில்.

அவற்றைத் திருப்பி அனுப்பியது 1987இல் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம்; கடைசி ஏவுகணை 1991இல் போனது. ஆனால் குளிரிலும் சேற்றிலும் கிடந்து அந்தப் பெண்கள் விஷயத்தை உலகம் மறக்கவிடாமல் செய்தார்களே, அதைச் சின்னதாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் முக்கியமாக நினைப்பது இன்னொன்று. அத்துமீறி நுழைந்ததாக அந்தப் பெண்கள் மீது போட்ட வழக்கு, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. தளத்துக்குள் நுழையத் தடை போட்ட விதிகள் பொது நில உரிமைக்காரர்களின் உரிமையைப் பாதிக்கின்றன, அதனால் செல்லாது என்று 1990இல் தீர்ப்பு வந்தது. அணு ஆயுதத் தளத்தின் விதிகளையே மேய்ச்சல் உரிமை சாய்த்துவிட்டது!

1992இல் அமெரிக்கப் படை வெளியேறியது. ஓடுதளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள், எரிபொருள் கசிந்த மண்ணைச் சுத்தம் செய்தார்கள், 2000இல் நிலம் மக்களுக்குத் திறந்தது. முகாமும் அந்த ஆண்டுதான் கலைந்தது. இப்போது மாடுகளோடு, தரையில் கூடு கட்டும் பக்கி என்ற இரவுப் பறவையும் வானம்பாடி வகைப் பறவைகளும் அங்கே உண்டு. கிடங்குகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக வேலிக்குள் நிற்கின்றன, கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மேய்ச்சல் உரிமையையும் பொதுமக்கள் நடமாடும் உரிமையையும் 2002இல் தனிச் சட்டமே போட்டு உறுதி செய்தார்கள்.