ஜெர்மானியம்: தொடலாம், தின்னக் கூடாது

ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆன, அகச்சிவப்புக் கேமராக்களுக்கான லென்சுகளைத் தேய்த்து மெருகேற்றும் பட்டறையில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மருத்துவன் அல்லன். ஜெர்மானியத்தைப் பற்றிக் கேட்பவர்கள் கட்டியா, தூளா, மாத்திரையா, வாயுவா என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். நான்குக்கும் நான்கு விதமான பதில்.

ரேடியோ பிரியர்: தாத்தாவின் டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பழுதுபார்க்கிறேன். ஓ.ஏ.79 டயோடு, ஏ.சி.128 டிரான்சிஸ்டர் என்று ஜெர்மானியம் உள்ள பாகங்கள் இருக்கின்றன. தொட்டால் விஷமா?

இல்லை. டயோடின் கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் துண்டு கடுகைவிடச் சிறியது. பயப்பட வேண்டுமென்றால் கையில் பிடித்திருக்கும் ஈயக் கம்பிக்குப் பயப்படுங்கள். கை கழுவாமல் முறுக்கை எடுக்காதீர்கள். உண்மையில் ஆபத்து ஜெர்மானியத்துக்குத்தான், அதுவும் உங்களால். சூடு பட்டால் கெட்டுவிடும். பற்றவைக்கும்போது டயோடின் காலை மூக்குக் குறடால் கவ்விக்கொள்ளுங்கள். சூடு குறடுக்குப் போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று அரம் எடுத்து ராவ வேண்டாம். தூளாக்கக் கூடாது. இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

இரண்டாம் ஆண்டு மாணவி: இப்படி ஒரு தனிமம் உண்டு என்று மெண்டலீவ் முன்கூட்டியே சொன்னாராமே?

1871இல் சொன்னார். தனிம அட்டவணையில் சிலிக்கானுக்குக் கீழே ஒரு கட்டம் காலி, அங்கே வரப்போகும் தனிமத்தின் அணு எடை 72, அடர்த்தி 5.5 என்று கணித்தார். 1886இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க்கில் கிளெமென்ஸ் விங்க்லர் ஆர்கிரோடைட் என்ற வெள்ளிக் கனிமத்தைப் பகுத்துப் பார்த்தார். வெள்ளி, கந்தகம் எல்லாவற்றையும் கூட்டினால் நூற்றுக்கு ஏழு குறைகிறது. மறுபடி செய்தார், மறுபடியும் ஏழு குறைகிறது. நானாக இருந்தால் தராசைத் திட்டியிருப்பேன். அவர் அந்த ஏழைத் துரத்திப் பிடித்தார். அணு எடை 72.6, அடர்த்தி 5.3. மற்ற பண்புகள் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன.

மகன்: என் அப்பாவுக்கு 68 வயது. எதிர்ப்புச் சக்திக்கு என்று ‘கரிம ஜெர்மானியம்’ மாத்திரையை யாரோ கொடுத்திருக்கிறார்கள். எட்டு மாதமாகச் சாப்பிடுகிறார். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. தொடரலாமா?

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புட்டியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், இரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள்; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு அது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். ஜப்பானில் 1970களிலும் 80களிலும் ஜெர்மானியம் கலந்த சத்து மருந்துகள் பரவலாக விற்றன. பலவற்றில் இருந்தது ஜெர்மானியம் டை ஆக்சைடு, அதாவது கரிமம் இல்லாத வகை. மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. 1982இலிருந்து பல நாடுகளில் பதிவானவர்களை 1997இல் ஓர் ஆய்வு தொகுத்தது: 31 பேர், அவர்களில் இறந்தவர்களும் உண்டு. மொத்தமாக உள்ளே போன அளவு 15 கிராமிலிருந்து 300 கிராமுக்கும் மேல். அந்த 15 கிராமை இரண்டு ஆண்டுக்குப் பங்கிட்டுப் பாருங்கள், நாளுக்கு 20 மில்லிகிராம்தான்.

இதில் மோசமானது, சிறுநீரில் புரதமும் வராது, இரத்தமும் வராது. வடிகட்டும் பகுதி நன்றாகவே இருக்கும். அதற்கு அடுத்த நுண்குழாய்களின் செல்கள்தான் அழியும். ஆகவே ‘சிறுநீரில் ஒன்றும் இல்லை’ என்பதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நிறுத்தினால் ஓரளவு தேறும்; பலருக்கு முழுதாகத் திரும்பவில்லை.

கரிமம் என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அந்த வகையும் பாதுகாப்பானது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. புட்டிக்குள் டை ஆக்சைடு கலந்திருக்கிறதா என்று வீட்டில் யாராலும் பார்க்க முடியாது. உடம்புக்கு ஜெர்மானியம் தேவை என்பதற்கும் ஆதாரம் இல்லை.

கேமராக்காரர்: தெர்மல் கேமராவின் லென்ஸ் கீழே விழுந்து உடைந்துவிட்டது.

பார்த்தால் உலோகம், விழுந்தால் கண்ணாடி. துடைப்பத்தால் பெருக்காதீர்கள்; கையுறை போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பழைய லென்சுகள் சிலவற்றின் பூச்சில் கதிரியக்கமுள்ள தோரியம் ஃபுளோரைடு உண்டு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத லென்ஸ் என்றால் துண்டுகளை மூடி வைத்து, விற்றவரைக் கேளுங்கள். தேய்த்துச் சரிசெய்யலாமா என்று அடுத்த கேள்வி வரும். கூடாது. தூள்.

காப்பு வியாபாரி: உடல் சூடு 32 டிகிரியைத் தாண்டியதும் ஜெர்மானியம் எதிர்மின் அயனிகளை வெளியிடும். இது அறிவியல். எங்கள் காப்பை அணிந்து மூட்டுவலி போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

32 என்பது அதன் அணு எண். யாரோ அதை எடுத்து டிகிரி ஆக்கிவிட்டார்கள். 32 டிகிரியில் அங்கே ஒன்றும் திறப்பதில்லை.

இயற்பியல் ஆசிரியர்: ஐயா, ஜெர்மானியம் போன்ற குறைகடத்தியில் சூடு ஏற ஏற எலக்ட்ரான்கள் விடுபடுவது உண்மைதானே? வியாபாரி சொல்வதில் ஒரு துளி இருக்கிறதே.

விடுபட்டு எங்கே போகின்றன? படிகத்துக்குள்ளேயே உலாவுகின்றன. அதனால்தான் மின்கடத்தல் கூடுகிறது. பழைய ஜெர்மானிய டிரான்சிஸ்டர்கள் வெயில் காலத்தில் மக்கர் செய்ததும் அதனால்தான். அந்த ஏற்றம் பனிக்கட்டிச் சூட்டிலும் உண்டு, கொதிநீர்ச் சூட்டிலும் உண்டு, இடையில் படிக்கட்டு கிடையாது. எலக்ட்ரான் படிகத்தை விட்டுத் தோலுக்குள் குதிக்க இந்தச் சூடு போதவே போதாது.

காப்பு வியாபாரி: நீங்கள் அணிந்து பார்த்தீர்களா?

19 ஆண்டுகள் கிலோக்கணக்கில் கையில் வைத்திருந்தேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது. சென்னையில் மே மாதம் மேசை மேல் சும்மா கிடக்கும் கட்டியே 32ஐத் தாண்டுமே, அப்போது மேசைக்கு என்ன ஆகிறது? காப்பை அணிவதால் கெடுதல் இல்லை, காசைத் தவிர. அதோடு மாத்திரையும் சேர்த்து விற்கிறீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

(பதில் வரவில்லை.)

புதியவர்: ஜெர்மானியத்தைத் தொட்டால் ஆபத்தா?

முதல் பதில்.

இன்னொருவர்: மோதிரத்தில் ஜெர்மானியம் இருக்கிறதாம், தொடலாமா?

முதல் பதில். ராவாதீர்கள்.

ஆய்வக உதவியாளர்: எங்களிடம் ஜெர்மானியம் டெட்ராகுளோரைடு புட்டி இருக்கிறது. மூடியைச் சுற்றி வெள்ளைப் படிவு.

இது வேறு கதை, விளையாட வேண்டாம். ஒளியிழை செய்யப் பயன்படும் திரவம். 84 டிகிரி அளவில் கொதிக்கும். அறைச் சூட்டிலேயே ஆவியாகும். காற்றின் ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை, கூடவே டை ஆக்சைடு. நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான், மூடி கசிகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், நீங்களே திறக்காதீர்கள். பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள். ஜெர்மேன் (ஜெர்மானியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு) உருளை இருந்தால் அந்த அறையிலேயே நிற்காதீர்கள். தீப்பிடிக்கும், இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும்.

தோட்டக்காரர்: எங்கள் ஜெர்மானியம் வாடுகிறது. இலையெல்லாம் மஞ்சள்.

அது ஜெரேனியம். வேரில் தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள்.