மஞ்சள் மாத்திரையும் செக்கு எண்ணெயும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: இறால் சாப்பிட்டால் என் மகனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் வேதிப்பொருளும் மிளகுச் சாரமும் கலந்த மாத்திரை குடலைச் சீராக்கி ஒவ்வாமையை நீக்கும் என்கிறது விளம்பரம். விலை 1,800 ரூபாய். வாங்கலாமா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: வாங்காதீர்கள், அம்மா. இறாலில் உள்ள டிரோபோமயோசின் என்னும் புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கொள்வதால்தான் தடிப்பு வருகிறது. குர்குமின் அழற்சியைத் தணிப்பதை ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டிருக்கிறார்கள்; மனிதரின் உணவு ஒவ்வாமையை அது போக்கும் என்பது நிறுவப்படவில்லை.

என் நெடுநாள் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளிலேயே குர்குமின் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு அளவில்தான் இருக்கிறது. எனவே 500 மில்லிகிராம் மஞ்சள்தூள் அடைத்த மாத்திரையில் குர்குமின் 15 முதல் 20 மில்லிகிராம்தான் தேறும். கோவையில் ஒரு கண்காட்சியில் நான் வாங்கிய பாட்டிலின் முகப்பில் குர்குமின் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்புறத்தில் மஞ்சள்தூளின் எடை மட்டுமே இருந்தது, குர்குமினின் அளவு எங்குமே இல்லை. மஞ்சள் விளைவிக்கும் மக்களிடமே இப்படி விற்பது என்னைக் கொதிக்க வைக்கிறது. மிளகிலுள்ள பைப்பெரின் என்னும் வேதிப்பொருள் குர்குமினை உடலில் அதிகம் சேர்ப்பது உண்மை. ஆனால் அது வேறு சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றக்கூடும், இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உள்ளன. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்த அச்சம் வேண்டாம். மகனை ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: புரோபயாடிக் பொடியைக் கொதிக்கும் பாலில் கலக்கலாமா? (பொள்ளாச்சி)

பதில்: கூடாது, அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை செத்துவிடும்.

கேள்வி: பேரனுக்கு நிலக்கடலை ஒவ்வாது. செக்கில் ஆட்டிய எண்ணெய் இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்கிறார் கடைக்காரர். (ஓர் அமுச்சி, தாராபுரம்)

பதில்: அவர் சொல்வது ஆபத்தானது. ஒவ்வாமையைத் தூண்டுவது கடலையின் புரதம்; நன்கு சுத்திகரித்த எண்ணெயில் அது ஏறக்குறைய நீங்கிவிடும், செக்கு எண்ணெயில் தங்கிவிடும். கடலை ஆட்டிய செக்கிலேயே தேங்காயையும் எள்ளையும் ஆட்டுவதுண்டு என்பதால், அந்த எண்ணெய்களையும் கேட்டறிந்தே வாங்குங்கள். பொட்டலத்தில் அடைத்த உணவில் நிலக்கடலை சேர்ந்திருந்தால் அதை அட்டையில் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். சில்லறையாக அள்ளித் தரும் முறுக்குக்கும் மிக்சருக்கும் அந்தக் காவல் கிடையாது.

கேள்வி: தொலைபேசியில் பேசி, குடல் சுத்தப் பொடி வாங்கினேன். ரசீது இல்லை, அட்டையில் தேதியும் இல்லை. பணம் திரும்புமா? (கரூர்)

பதில்: ரசீதும் தேதியும் பதினான்கு இலக்க உணவு உரிம எண்ணும் இல்லாத பொருளுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று இந்தக் கேள்வி-பதில் பகுதியில் ஓயாமல் எழுதிவருகிறேன். பணம் அனுப்பிய வங்கிப் பதிவு இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பொடியை உண்ணாதீர்கள்.

கேள்வி: இரத்தப் பரிசோதனை செய்து, ராகி, முட்டை, பால் உட்படப் பல உணவுகள் என் மகளுக்கு ஆகாது என்று அறிக்கை தந்தார்கள். அவள் இளைத்துவிட்டாள். (திருப்பூர்)

பதில்: உங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை, அறிவியல் உடை உடுத்தி வந்து ஏமாற்றியிருக்கிறார்கள். அறிக்கையில் ஐஜிஜி (IgG) என்று, இரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்புரதத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள்: அந்த உணவை உடல் அறிந்திருக்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம், ஒவ்வாமைக்கு அன்று. ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஇ (IgE) என்னும் வேறுவகை எதிர்ப்புரதத்துக்கான சோதனையும் தோல் சோதனையும் உண்டு. அவற்றின் முடிவுகளையும், குழந்தைக்கு நேர்ந்ததைக் கேட்டறிந்த பிறகே மருத்துவர் பொருள் கொள்வார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. அறிக்கையின் பேரில் நிறுத்திய உணவுகளை, குழந்தை மருத்துவரைக் கலந்து, ஒவ்வொன்றாக மீண்டும் கொடுக்கத் தொடங்குங்கள்.