25 வருடப் பழைய சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கொடுக்கிற காசுக்குத் தகுந்ததா?

ஒரே ஒரு முறை, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு பாரில், கிளென்ஃபார்க்லஸ் 25. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே டிஸ்டில்லரியில், அதாவது விஸ்கி வடிக்கும் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது; 25 என்பது அது பீப்பாயில் இருந்த வருடங்கள். முழு பாட்டிலுக்கு என்னிடம் வசதி இல்லை. அங்கே பாரில் ஒரு அளவு என்றால் 25 மில்லி, சில இடங்களில் 35. அவ்வளவுதான் வாங்கினேன். கூடவே அதே டிஸ்டில்லரியின் 10 வருட விஸ்கியும் ஒரு அளவு. நீங்களும் இப்படியே செய்யுங்கள். பக்கத்தில் ஒப்பிட இளையது ஒன்று இருந்தால்தான், வயது என்ன செய்திருக்கிறது என்று நாக்குக்குப் புரியும்.

கிளென்ஃபார்க்லஸ் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியைச் சேர்ந்த டிஸ்டில்லரி. 1865 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களில் ஊற வைப்பதுதான் அவர்களுடைய பாணி.

10 வருடம் உடனே பேசியது. தேன், ஆரஞ்சுத் தோல், பின்னாலேயே மூக்கில் ஏறும் ஆல்கஹால் நெடி. 25ஐ முகர்ந்தேன், பெரிதாக ஒன்றுமே வரவில்லை. மனசு விட்டுப்போயிற்று. ஊற்றிக் கொடுத்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவசரப்படாதீர்கள், ஒரு வயதுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்" என்றார். விஸ்கி பிரியர்கள் வழக்கமாகச் சொல்கிற கணக்குதான் அது. இருபது நிமிடம் போல அப்படியே வைத்திருந்தேன்.

அப்புறம் கிளாஸை எடுத்தால் வேறு விஸ்கி! உலர்திராட்சை, பேரீச்சை, நெடுநாள் பூட்டியிருந்த மர அலமாரியைத் திறந்தால் வரும் வாசனை. நெடி என்பதே இல்லை. வாயில் மெழுகு போல வழுக்கிப் போய், கடைசியில் கறுப்புத் தேநீரின் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு ஓக் மரத்தினுடையது. விழுங்கின பிறகும் வெகுநேரம் நாக்கில் நின்றது.

பாதியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன், பழ வாசனை இன்னும் மேலே வந்தது. தண்ணீர் விடுவது குற்றம் இல்லை. விஸ்கியில் இருக்கும் குவையகால் என்கிற புகை வாசனைப் பொருளை எடுத்துக்கொண்டு ஸ்வீடனில் 2017ல் கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தார்கள். ஆல்கஹால் செறிவு குறையும்போது அது திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது என்று தெரிந்தது. ஐஸ் மட்டும் வேண்டாம், குளிரில் வாசனை அடங்கிவிடும்.

விலைக்கு வருகிறேன். பீப்பாயில் இருக்கும் விஸ்கி வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்பார்கள். அந்தக் கணக்கில் 25 வருடத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் காற்றோடு போயிருக்கும். அது போக, லேபிளில் போடுகிற வயது அதில் கலந்திருக்கும் மிக இளைய விஸ்கியின் வயது. 25 என்றால் அதற்குக் குறைந்த ஒரு துளிகூட உள்ளே இருக்கக் கூடாது.

அதற்காக வயது ஏற ஏற சுவையும் ஏறும் என்று நினைக்க வேண்டாம். சில விஸ்கிகளுக்கு முளைகட்டிய பார்லியை பீட் என்கிற சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்துவார்கள்; அந்தப் புகை வாசனை பீப்பாயில் வருடம் போகப் போக மங்கும். மரம் ஓவராகப் போனால் கசப்புதான் மிஞ்சும். புகைதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் செய்யும் லாகவூலின் என்கிற புகை விஸ்கியின் 16 வருடத்தைக் குடியுங்கள், 25க்குக் காசு செலவழிக்காதீர்கள். பழமும் மரமும் பிடிக்கும் என்றால் தாராளமாகக் குடிக்கலாம், எனக்கு அந்த 25 மில்லி கொடுத்த காசுக்குத் தகுந்ததாகவே இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால், நாக்கு சுத்தமாக இருக்கும்போது போங்கள். குடித்து முடித்ததும் கிளாஸை உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். காய்ந்த பிறகு அந்தக் காலிக் கிளாஸை ஒரு தடவை முகர்ந்து பாருங்கள், மரமும் திராட்சையும் இன்னும் அதிலேயே இருக்கும்.