தபாலில் புத்தகமும் இலக்கிய இதழும் வருவதில் அப்படி என்ன சந்தோஷம்?

"கடைக்குப் போனால் கையோடு வாங்கி வரலாம், போனில் அந்த நொடியே படிக்கலாம். அப்புறம் எதற்குத் தபாலுக்குக் காத்துக் கிடக்கிறீர்கள்?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நானும் போனில் படிக்கிற ஆள்தான். ஆனாலும் வீட்டுக்குள் நுழையும்போது என் பெயர் எழுதிய கட்டு ஒன்று கண்ணில் பட்டால், செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிடும்.

புத்தகம் முதலில். தபாலில் வருவதன் ருசியே ஆர்டர் போட்டதை மறந்துவிட்டிருப்பதில் இருக்கிறது. ஒரு ராத்திரி வலசை போகும் பறவைகளைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு, அந்த வேகத்தில் ஒரு பழைய புத்தகத்துக்குப் பணம் கட்டியிருப்பேன். விடிந்ததும் பறவை பறந்துவிடும், வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று வாரம் கழித்துக் கனமாக ஒரு பார்சல் வரும். பிரித்துப் பார்த்தால், யாரோ ஒரு பறவைப் பைத்தியம் தன் புத்தகத்துக்கு என் விலாசத்தைக் கொடுத்துவிட்டது போல இருக்கும். சரி, வந்ததே வந்தது என்று நின்றபடியே முதல் பக்கத்தைப் புரட்டுவேன். கடையில் வாங்கிய புத்தகங்களில் பாதி அலமாரியில் தூங்குகின்றன. இப்படி வந்தவற்றில் பெரும்பாலானவற்றைப் படித்துவிட்டேன். ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இலக்கிய இதழ் விஷயம் வேறு. அது நான் கேட்டது இல்லை, அவர்கள் கொடுப்பது. சந்தா கட்டியதோடு என் அதிகாரம் முடிந்தது. கல்வெட்டைப் பற்றி எட்டுப் பக்கக் கட்டுரையை நானாகத் தேடிப் போய்ப் படித்திருக்க மாட்டேன். இதழில் வந்ததால் படித்தேன், அதுவும் இரண்டு முறை. கடைசிப் பக்கத்தில் இருக்கும் வாசகர் கடிதங்களில்தான் ஆரம்பிப்பேன். போன இதழின் கதையை யாராவது திட்டியிருந்தால், அந்தக் கதையை மறுபடி எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

சிற்றிதழ்கள் தபாலை நம்பி வளர்ந்தவை. தமிழில் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். புதுக்கவிதைக்கு அது எவ்வளவு பெரிய களமாக இருந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்த மாதிரி இதழ்களைக் கடை வாசலில் தொங்கவிட்டு விற்றுவிட முடியாது. சிதறிக் கிடக்கும் சில நூறு பேரை ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையைத் தபால்தான் செய்தது.

அந்தக் கட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பழுப்புத் தாளில் குழலாகச் சுருட்டி, நடுவில் மட்டும் ஒட்டி, இரண்டு முனையும் திறந்திருக்கும். அலட்சியத்தால் அப்படி விடுவதில்லை. அச்சிட்ட தாளுக்குக் கடிதத்தைவிடக் குறைந்த கட்டணம் என்பது பழைய ஏற்பாடு, அதற்குத்தான் 'புக் போஸ்ட்' என்று பெயர். உள்ளே அச்சுத்தாள்தான் இருக்கிறது என்று பிரிக்காமலே பார்க்க வழி விட வேண்டும், கடிதம் எதுவும் வைக்கக் கூடாது என்பது விதியாக இருந்தது. மேலே பெரும்பாலும் கையால் எழுதிய விலாசம். என் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கும், மாதா மாதம் அதே கால். ஆசிரியரே உட்கார்ந்து எழுதுகிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? உறையை உருவி எடுத்ததும் இதழ் திரும்பத் திரும்பச் சுருண்டுகொள்ளும். எதிர்ப்பக்கமாக ஒரு சுருட்டுச் சுருட்டி, அகராதியின் அடியில் ஒரு ராத்திரி வைத்தால் படியும். ஆனால் அதுவரை யார் பொறுப்பது? இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே படித்துவிடுவேன். சில சமயம் பசை அட்டையோடு ஒட்டிக்கொண்டு, உருவும்போது அட்டைப் பட ஓவியத்தில் பாதி உறையோடு போய்விடும். மழையில் நனைந்து வந்த இதழ் ஒன்று அப்பளம் மாதிரி நெளிந்து இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்த நெடுங்கவிதையின் தலைப்பு மறந்துவிட்டது, நெளிவு மறக்கவில்லை.

இதழே வராமல் போவதும் உண்டு. மூன்று பாகமாக வந்த ஒரு குறுநாவலின் இரண்டாம் பாகம் எனக்கு வந்து சேரவில்லை. அமெரிக்காவில் 'தி லிட்டில் ரிவ்யூ' என்ற இலக்கிய இதழ் 1918 முதல் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலைத் தொடராக வெளியிட்டபோது, ஆபாசம் என்று சொல்லி அஞ்சல் துறையே சில இதழ்களைப் பறிமுதல் செய்து எரித்தது. தொடரும் 1920இல் பாதியில் நின்றது. அடுத்த பாகத்துக்காகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடிய சந்தாதாரர்களை நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன். என் இதழை யாரும் எரித்திருக்க மாட்டார்கள், எங்கோ ஒரு மூட்டையின் அடியில் கிடந்திருக்கும்.

போனில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பீர்கள். உண்மைதான், வாதாட மாட்டேன். ஒரே ஒரு யோசனை: பிடித்த இதழ் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டிப் பாருங்கள். ஆயுள் சந்தா வேண்டாம். கட்டினால், யாருடைய ஆயுள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். என் ஆயுள் சந்தாக்கள் மூன்றில் இரண்டில் நான்தான் மிஞ்சியிருக்கிறேன்.

அந்த இரண்டாம் பாகம் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. ஆசிரியருக்கு எழுதிப் போட்டேன், பதில் இல்லை. மூன்றாம் பாகம் வந்தது, பொறுக்க முடியாமல் படித்தும்விட்டேன். அதற்கடுத்த மாத இதழைப் பிரித்தபோது நடுப்பக்கத்திலிருந்து நாலாக மடித்த நகல் தாள்கள் விழுந்தன. இரண்டாம் பாகம் முழுவதும் இருந்தது. புக் போஸ்ட் விதிப்படி இது சரியா என்று நான் விசாரிக்கவில்லை, ஏனென்றால் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தது: "பிரதி தீர்ந்துவிட்டது, மன்னிக்கவும். முடிவைப் படிக்காமல் வைத்திருக்கிறீர்கள்தானே?"