கல்லுக்குள் ஒரு வளை

கேள்வி: சேர், யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டிய இடத்தில் கிடந்த சுண்ணாம்புக்கல் துண்டொன்றை மாமா கொண்டுவந்து தந்தார். அதற்குள் விரல் தடிப்பில் குழாய் மாதிரி ஒன்று வளைந்து ஓடுகிறது. புழுதான் கல்லாகிவிட்டது என்கிறார். உண்மையா?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: மகள், கல்லைப் பத்திரமாகக் கொண்டுவந்த மாமாவுக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். ஆனால் புழு கல்லாவது மிக அரிது. எலும்பும் இல்லை, ஓடும் இல்லை, செத்தால் அழுகிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் அது குடியிருந்த வளை. பிறகு வேறு மண் வந்து வளையை நிரப்பி, சுற்றியிருந்த சேற்றோடு சேர்ந்து இறுகிவிடும்.

முதலில் அது வளைதானா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் என்ற பழைய புவிக்காலத்தின் கடலில் படிந்தது. மழைநீர் அதைக் கரைத்தும் ஓட்டை போடும். கரைந்த ஓட்டை வெடிப்பைப் பிடித்துக்கொண்டு, ஓரிடத்தில் அகன்று ஓரிடத்தில் ஒடுங்கிப் போகும். வளையோ தோண்டிய உடம்பின் அளவுக்கு ஏறக்குறைய ஒரே தடிப்பில் போகும். கல்லை நனைத்துச் சாய்வெயிலில் பிடியுங்கள். குழாய்க்குள் இருப்பதன் நிறமும் மணியும் வெளிக்கல்லிலிருந்து வேறுபட்டால் வளை என்று நம்ப இடமுண்டு.

நான் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளைக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். மணலில் ஓடித்திரியும் அந்த வெளிறிய நண்டின் வளைகளில், வாசலில் புதுமணல் கிடக்காத, நண்டு கைவிட்டுப் போன வளையாகத் தேடுவோம். நண்டு உள்ளே இருக்கும் வளையில் எதையும் ஊற்ற விடமாட்டேன். பரிஸ் சாந்தைத் தண்ணியாகக் கரைத்து ஊற்றி, இறுகியதும் கையால் மணலை விலக்குவோம். ஒன்று தூண்டில் முள் போல வரும், இன்னொன்று கவட்டைக் கம்பு போல இரண்டாகப் பிரிந்து வரும். இரண்டும் ஒரே இன நண்டின் வேலை! வேறு வேறு விலங்குகள் ஒரே மாதிரித் தோண்டுவதும் உண்டு. அதனால்தான் கல்லிலுள்ள வளைக்கு விலங்கின் பெயரை வைக்காமல், வடிவத்துக்கே தனிப்பெயர் வைக்கிறார்கள். யார் தோண்டியது என்று அடம்பிடிப்பதைவிட, ஏன் இப்படித் தோண்ட வேண்டிவந்தது என்று கேட்டால் கல் நிறையச் சொல்லும்.

அலையடிக்கும் மணலில் வளை நேரே கீழே இறங்கும். அமைதியான தண்ணீரில், இரை சேற்றில் படிந்து கிடப்பதால், தடம் படுக்கையாக மேயும். வளையின் வெளிப்புறம் சோளப்பொத்தி போல முண்டு முண்டாக இருந்தால் அந்த வடிவத்துக்குப் பெயர் ஒபியோமோர்பா. மண் உருண்டைகளை ஒட்டிச் சுவர் கட்டியிருக்கிறது, கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவது போல; அப்படியானால் நிலம் சரிந்து விழுகிற மணல். இன்றும் சில வகைக் கடல் இறால்கள் இப்படித்தான் கட்டுகின்றன.

எனக்கு மிகப் பிடித்தது டிப்ளோக்ரட்டேரியன் என்ற வளை வடிவம். வாளிக் கைப்பிடியைக் கவிழ்த்தது போன்ற குழாய், அதையொட்டி அடுக்கடுக்காகப் பழைய வளைவுகளின் கீறல். கீறல்கள் குழாயின் அடியில் இருந்தால், மணல் குவியக் குவிய விலங்கு மேலே ஏறியிருக்கிறது. வளைவுக்கு மேலே, குழாயின் இரு கைகளுக்கு நடுவில் இருந்தால், அலை மணலை அரிக்க அரிக்க அது கீழே இறங்கியிருக்கிறது. கடல் கொண்டுவந்து போட்டதா, அள்ளிக்கொண்டு போனதா என்பதற்கு அதுவே சாட்சி.

கேள்வி: குடும்பிமலைப் பாறையில் துளைகள் கண்டேன். அவையும் பழைய வளைகளா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இல்லை. அது மயோசீனைவிட மிகப் பழைய பிரிகேம்பிரியன் கால உருமாறிய பாறை. பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி படிகமாகிப் போனதில் பழைய படிவின் தடமெல்லாம் அழிந்துவிடும். மழையும் வெயிலும் அரித்த துளைகளாகவே இருக்கும். இலங்கையின் பெரும்பகுதிப் பாறை இந்த வகைதான்.

கேள்வி: வளையைத் தோண்டியவரைக் கண்டுபிடித்ததே இல்லையா?
– வாசகி, கல்முனை

பதில்: உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆள் உயரத்தைத் தாண்டும் திருகு வடிவக் கற்கள் நட்டுக்கு நிற்கின்றன. புவியியலாளர் எர்வின் பார்பர் 1892இல் அதற்கு டைமோனெலிக்ஸ் என்று பெயரிட்டார். முதலில் நன்னீர்ப் பஞ்சுயிரி என்றும், பிறகு தாவரம் என்றும் கருதினார். ஆனால் சில திருகுகளுக்குள் எலும்புக்கூடு கிடந்தது: பலியோகாஸ்டர் என்ற, நிலத்தில் வாழ்ந்த சிறிய பீவர் (கொறிக்கும் விலங்கு) இனம், 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. 1970களில் சுவரை உற்றுப் பார்த்தபோது அகலமான கீறல்கள் தெரிந்தன. அந்த விலங்கின் முன்பல் அவற்றில் சரியாகப் பொருந்தியது.